மனசாட்சிக்கு இரண்டு சாட்சி

காய்கறிக் கடையில் ஒவ்வொரு தக்காளியாக எடுத்து அமுக்கிப் பார்த்து, ஒன்றுகூட வாங்காமல், கடைக்காரர் முகத்தில் ஒரு சந்தேகத்தை மட்டும் எறிந்துவிட்டுப் போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களால் பெரிய கெடுதல் இல்லை. தக்காளிதான் கொஞ்சம் நசுங்கும். இங்கே பேசப்போவது அந்த இனத்தின் பெரியண்ணனைப் பற்றி. இவர் அமுக்கிப் பார்ப்பது அடுத்தவர் மனசாட்சியை. பெயர் வேண்டுமென்றால் 'மனசாட்சி நிறுப்பவர்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இறைச்சி சாப்பிடுவதை விட்டுவிட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். அவர் பார்வை நேராக உங்கள் தோல் செருப்புக்குப் போகும். கடவுள் நம்பிக்கை இல்லை என்றால், "போன வருஷம் பல் புடுங்கினப்போ யாரைக் கூப்பிட்டு அலறுனீங்க?" என்பார். நம்பிக்கை உண்டு என்றால், "அப்புறம் எதுக்குப் பல் டாக்டர்?" என்பார். பேசாமல் இருந்தால் இன்னும் மோசம். "உள்ளுக்குள்ள என்னவோ இருக்கு" என்று தலையாட்டிக்கொண்டே கிளம்புவார். சுதந்திரத்துக்கு எதிரியா அவர்? ஐயோ, அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். "அவங்கவங்க நம்பிக்கை அவங்கவங்களுக்கு. அதுல யாரும் தலையிடவே கூடாது. ஆனா, நிஜமாவே நம்பறாங்களான்னு ஒருத்தர் பார்க்கணும் இல்லையா?"

அந்த 'ஆனா' இருக்கிறதே, அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவார்.

வீட்டுக்கு ஒருவர், தெருவுக்கு நாலு பேர் என்று இந்த இனம் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் அரசாங்கமே மேஜை, நாற்காலி, மணி எல்லாம் கொடுத்து உட்காரவைத்தது. அவர் கதையைக் கேளுங்கள்.

அவர் முப்பத்தோரு வருஷம் எடை அளவை ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி, தராசைத் தட்டி, தட்டுக்கு அடியில் விரலை விட்டு மெழுகு ஒட்டியிருக்கிறதா காந்தம் ஒட்டியிருக்கிறதா என்று துழாவி, எடைக்கல்லைக் கவிழ்த்து இந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைக்காரரின் மூச்சு சீராகும்வரை முறைத்துவிட்டுத்தான் இறங்குவார். அத்தனை வருஷத்தில் நேர்மையான தராசு ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. பட்டவை இரண்டே வகை: மாட்டிய தராசு, இன்னும் மாட்டாத தராசு.

அவர் ஓய்வு பெற்ற மாதமே அரசாங்கம் ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. சிந்தனை, மனசாட்சி, மதம் இவற்றில் எவரையும் வற்புறுத்தக் கூடாது. நாட்டுக்கு நெருக்கடி என்று சொல்லிக்கூட அந்த உரிமையைப் பறிக்கக் கூடாது. சாமி கும்பிடுகிறவர், கும்பிடாதவர் என்று பேதமும் பார்க்கக் கூடாது. ஆகவே, துப்பாக்கி தூக்க மனசாட்சி இடம் கொடுக்காதவர்கள், கட்டாயப் பட்டாளத்துக்குப் பதிலாக இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை செய்யலாம் என்று சட்டமும் வந்தது. அழகான சட்டம். மை காய்வதற்குள் மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆளாளுக்கு எனக்கும் மனசாட்சி இருக்கிறது என்று கிளம்பிவிட்டால்? யாராவது அளந்து பார்க்க வேண்டாமா? இந்த அரசாங்கத்தில் எதையாவது ஒழுங்காக அளந்தவர் யார்? கோப்புகளைப் புரட்டினார்கள். நம்மவர் பெயர் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அரசாங்கம் நடப்பதே அந்தத் திறமையால்தான்.

நான்காவது மாடியில், பழைய எடைக்கற்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து 'மனசாட்சிப் பரிசோதனைக் குழு' என்று பலகை மாட்டினார்கள். குழு என்றால் தலைவர் ஒருவர்தான். மற்ற இருவரை நியமிக்கும் கோப்பு மூன்றாவது மாடியில் நடந்து வந்துகொண்டிருந்தது. சுவரில் ஈரம் கசிந்து திட்டுத் திட்டாக இருந்த இடத்தில், சரியாக அதை மறைக்கும் அளவுக்கு, ஒப்பந்தத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மேஜையில் தலைவர் தன் பங்குக்கு ஒரு கிலோ பித்தளை எடைக்கல்லைக் கொண்டுவந்து வைத்தார், காகிதம் பறக்காமல் இருக்க. பக்கத்து மேஜையில் ஒரு குமாஸ்தா அம்மா. சொன்னதை எல்லாம் சொன்னபடி எழுதிவிடும் கெட்ட பழக்கம் அவருக்கு.

மனுப் படிவம் வேண்டுமே? புதிதாக அச்சடிக்க நேரமில்லை. தலைவர் தன் பழைய தராசுப் படிவத்தை எடுத்து, 'தராசு' என்று வந்த இடத்தில் எல்லாம் 'மனசாட்சி' என்று மாற்றச் சொன்னார். குமாஸ்தா அம்மா அப்படியே மாற்றினார். ஆகவே படிவம் இப்படிக் கேட்டது: மனசாட்சி பரம்பரையாக வந்ததா, புதிதாக வாங்கியதா? கடைசியாக முத்திரை குத்திய தேதி? இதற்கு முன் பழுது பார்க்கப்பட்டதா? ஏழாவது கேள்விதான் உச்சம்: மனசாட்சியை நேரில் கண்ட சாட்சிகள் இருவர்.

"சார், மனசாட்சியை எப்படி சார் நேர்ல பார்க்கறது?" என்றார் குமாஸ்தா அம்மா.

"தராசை எப்படிப் பார்த்தாங்க?"

"அது கடையில இருக்கும் சார்."

"இதுவும் எங்கயாவது இருக்கணும் இல்ல? எழுதும்மா."

விசாரணை நடக்கும் அழகே தனி. மனுதாரர் சாந்தமாகப் பேசினால், அழுத்தமான நம்பிக்கை இல்லை. தழுதழுத்தால், நடிப்பு. வேதப் புத்தகத்திலிருந்து வரிகளை எடுத்துச் சொன்னால், மனப்பாடம். சொல்லாவிட்டால், அடிப்படையே தெரியவில்லை. போன வருஷம்தான் வேறு மதத்துக்கு மாறினேன் என்றால், "ஒரு வருஷத்துக்குள்ள மனசாட்சி செட்டாகுமா? நாற்காலி வாங்கினாக்கூட ஆடாம நிக்க ஆறு மாசம் ஆகுது." எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குறை எடை. ஐம்பத்திரண்டு மனுக்களில் ஐம்பத்தொன்று தள்ளுபடி. தள்ளுபடியானவர்களுக்கு இரண்டே வழி: பட்டாளம், இல்லாவிட்டால் சிறை. அவர்களில் பெரும்பாலோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிறைக்கே போனார்கள். இதைப் பார்த்தாவது அவர் யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தார். "பார்த்தியாம்மா, எவ்வளவு பிடிவாதம்!" என்றார்.

தேறியது ஒரே ஒருவர். அவர் மின்விசிறியைப் பழுது பார்க்க வந்தவர்.

நம்பாவிட்டால் போங்கள். கடகடவென்று ஆடிய விசிறியைப் பார்க்க வந்த அந்த ஐம்பது வயது மின்வேலைக்காரரை, அன்றைய மனுதாரர் என்று நினைத்து உட்காரவைத்துவிட்டார் தலைவர். "உயிரைக் கொல்வதைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார். மின்வேலைக்காரர் மேலே பார்த்தபடி, "நானா இருந்தா கொல்ல மாட்டேன் சார். கழற்றி, எண்ணெய் போட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதே இல்லை. 'அசல் மனசாட்சி' என்று சான்றிதழில் முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். விஷயம் தெரிந்தபோது பதிவேட்டில் ஏறிவிட்டது. மின்வேலைக்காரர் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். வியாபாரம் கூடியதாகக் கேள்வி.

வீட்டிலும் தலைவர் சும்மா இருப்பதில்லை. அவர் மனைவி எலிப்பொறி வைக்க மாட்டேன் என்று சொன்னவர். "கொசுவை மட்டும் அடிக்கிறியே?" என்று மடக்கினார் தலைவர்.

"உங்களை முப்பத்தெட்டு வருஷமா அடிக்கலையே, அந்தக் கணக்குல கழிச்சுக்குங்க" என்றார் மனைவி.

இந்த நிலையில்தான் ஐம்பத்து மூன்றாவது மனு வந்தது. மனுதாரர் அலுவலகத் தெருமுனை சலூனில் வேலை பார்ப்பவர். இருபத்தாறு வயது. மதம் என்ற இடத்தில் ஒரு கோடு. முத்திரை குத்திய தேதி என்ற இடத்தில் 'தெரியவில்லை'. பட்டாளத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தாகிவிட்டது. அடுத்த மாதக் கடைசிக்குள் சான்றிதழ் இல்லையென்றால் இரண்டு வருஷம் உள்ளே.

தலைவர் எடைக்கல்லை ஒரு விரல் தள்ளி வைத்தார். "மதம் இல்லைங்கறே. அப்போ மனசாட்சி மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு தம்பி?"

"கடையிலேர்ந்து சார்."

"கிண்டலா?"

"இல்ல சார். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு முகம் வழிக்கிறேன். வந்து உட்கார்றாங்க, தலையைச் சாய்ச்சுக் கழுத்தைக் காட்டறாங்க, கண்ணை மூடிக்கறாங்க. பாதிப் பேரு தூங்கிடறாங்க. எட்டு வருஷமா இதே வேலை. அதுக்கப்புறம் ஒருத்தர் என் கையில துப்பாக்கியைக் கொடுத்து, எதிர்ல நிக்கறவன் கழுத்தைக் குறி பாருன்னா, என் கை கேக்காது சார்."

  குமாஸ்தா அம்மாவின் பேனா ஒரு நொடி நின்றது. தலைவருக்கும் உள்ளே எங்கோ ஒரு தட்டு லேசாகத் தாழ்ந்தது. ஆனால் அவர் தாழ்ந்த தட்டைக் கண்டதும் அடியில் கையை விட்டுத் துழாவிப் பழகியவர்.

"கத்தி பிடிக்கற கைக்குத் துப்பாக்கி மட்டும் கசக்குதா? சரி, விடு. உங்க அம்மாவை ஒருத்தன் அடிக்க வர்றான். பக்கத்துல துப்பாக்கி இருக்கு. என்ன பண்ணுவே?" இது அவருடைய செல்லக் கேள்வி. ஐம்பத்தொரு அம்மாக்களை இதே அறையில் அடிவாங்க வைத்திருக்கிறார்.

"நீங்க எங்க அம்மாவைப் பார்த்ததில்லை சார். அடிக்க வந்தவனைக் காப்பாத்தத்தான் நான் ஓடணும்."

குமாஸ்தா அம்மா இருமினார். தலைவர் மணியை இரண்டு முறை தட்டினார்.

"இதெல்லாம் பேச்சு. நிரூபணம் எங்கே?"

"என் மனசாட்சி எனக்குத் தெரியாதா சார்?"

"எல்லாக் கடைக்காரனும் தன் தராசைப் பத்தி இதையேதான் சொல்வான்!" என்றார் தலைவர், முப்பத்தோரு வருஷ அனுபவம் அத்தனையும் ஒரே மூச்சில் வெளிவர. "ஏழாம் கேள்வி. நேரில் கண்ட சாட்சி ரெண்டு. ஒரு மாசம் டைம். சாட்சி சொல்ல வர்றவங்களுக்கு முதல்ல மனசாட்சி இருக்கணும், அதுக்குச் சான்றிதழ் இருக்கணும். இல்லாதவங்களைக் கூட்டிட்டு வராதே."

சான்றிதழ் வைத்திருப்பவர் நாட்டிலேயே ஒருவர்தான் என்பது தலைவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். குமாஸ்தா அம்மா எழுதிக்கொண்டார், எல்லாவற்றையும்.

அடுத்த மாதம், கெடு நாளுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை காலை பத்தரை மணி. தலைவர் வழக்கம்போல் தெருமுனை சலூனுக்குப் போனார். எப்போதும் முதலாளிதான் அவருக்கு வழிப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்து, நாற்காலியில் சாய்ந்து, சோப்பு நுரை காதுவரை ஏறியபிறகுதான், "முதலாளி ஊருக்குப் போயிருக்கார் சார்" என்ற குரல் கேட்டது. இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே? கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மங்கலாக ஒரு வெள்ளைச் சட்டை. அதன் கை முனையில் மங்கலே இல்லாமல் ஒரு கத்தி.

ஐம்பத்து மூன்று.

எழுந்து ஓடலாம் என்றால் பாதி முகம் நுரை. வாசலில் அலுவலகப் பியூன்கள். 'உடம்பு சரியில்லை' என்று சொல்லலாம் என்றால் வாயைத் திறந்தால் சோப்பு. கத்தி தாடைக்குக் கீழே வந்து குளிர்ந்தது. இரண்டு வருஷ ஜெயில் என் கையில், என் கழுத்து இவன் கையில் என்று ஒரு கணக்கு அவர் மண்டைக்குள் ஓடியது. வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொருவர் மனசாட்சி அசலாக இருக்க வேண்டுமே என்று அவர் உள்ளத்தின் ஆழத்திலிருந்து ஆசைப்பட்டார்.

கண்ணை மூடிக்கொண்டார்.

சரக், சரக். தொண்டைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு மச்சம் உண்டு. முதலாளியே இரண்டு முறை அதைச் சீவியிருக்கிறார். கத்தி அந்த மச்சத்தின் ஓரம்வரை வந்து, நின்று, தூங்குகிற குழந்தையைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனது.

"முடிஞ்சுது சார்" என்றது குரல். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபிறகுதான் மூச்சுவிட்டார். அலுவலகத்துக்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போய், எதற்கென்று சொல்லாமல் மனைவியிடம் வெந்நீர் கேட்டார்.

திங்கட்கிழமை விசாரணை. முதல் சாட்சியாக, சட்டம் போட்ட சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மின்வேலைக்காரர் வந்து நின்றார். தலைவர் முகம் சுருங்கியது; தன் முத்திரையைத் தானே எப்படி மறுப்பார்?

"நான் பார்த்தேன் சார். ஒரு தடவை இவர் கடையில முடி வெட்ட உட்கார்ந்திருந்தேன், அப்போ குடிச்சிட்டு வந்த ஆளு ஒருத்தன், கிருதா கோணலாப் போச்சுன்னு இவர் கன்னத்துல பளார்னு விட்டான். கத்தி இவர் கையில விரிஞ்சு இருக்கு. டக்குன்னு மடக்கி சட்டைப் பையில போட்டுட்டு, துண்டை எடுத்து அவன் மூஞ்சியில இருந்த நுரையைத் துடைச்சு விட்டார். அந்த 'டக்' சத்தத்தை நான் கேட்டேன் சார்."

"சத்தம் கேட்டது. பார்த்ததா கணக்குல வருமா?" என்று தலைவர் இழுத்தார்.

"மடக்கினதைப் பார்த்தேன். மடங்கினதைக் கேட்டேன். ரெண்டும் எழுதிக்குங்கம்மா."

"சரி, ஒண்ணு. ரெண்டாவது சாட்சி?"

சலூன்காரர் தயங்கினார். "ரெண்டாவது நீங்கதான் சார்."

"என்னது?"

"சனிக்கிழமை பத்தரை மணிக்கு. உங்களை மாதிரி அவ்வளவு கிட்டத்துல யாரும் பார்த்ததில்லை சார்."

தலைவரின் கை தானாகவே மச்சத்துக்குப் போனது. "நான் எதையும் பார்க்கலை. கண்ணை மூடிட்டிருந்தேன்."

"அதான் சார். கழுத்தைக் காட்டிட்டு ஏன் கண்ணை மூடினீங்க?"

இப்படி ஒரு கேள்வியை அந்த மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதுவரை யாரும் கேட்டதில்லை. தலைவர் எடைக்கல்லைப் பார்த்தார். ஒப்பந்தத்தைப் பார்த்தார். சட்டத்தின் ஓரத்தில் ஈரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று முகம் மலர்ந்தது, விதி கிடைத்துவிட்டது.

"சாட்சிக்குச் சான்றிதழ் இருக்கணும்னு போன தடவையே சொன்னேன். என்கிட்ட சான்றிதழ் கிடையாது. அதனால நான் சாட்சி ஆக முடியாது!"

"அப்படியே எழுதிடட்டுமா சார்?" என்றார் குமாஸ்தா அம்மா, பேனாவைத் திறந்தபடி. "தலைவருக்கு மனசாட்சி இருப்பதாக இதுவரை நிரூபணம் இல்லைன்னு?"

"ஏம்மா! எனக்கு எதுக்குச் சான்றிதழ்? என் மனசாட்சி எனக்குத் தெரியாதா?"

குமாஸ்தா அம்மா பதிவேட்டைப் பின்னால் புரட்டினார். அவசரமே இல்லை அவருக்கு. "போன மாசம், பக்கம் மூணு. இதே வாக்கியம், மனுதாரர் சொன்னது. அதுக்கு நீங்க சொன்ன பதில் அடுத்த வரியில இருக்கு. படிக்கட்டுமா சார்?"

விசிறி சத்தமே போடாமல் சுற்றியது. மின்வேலைக்காரர் நன்றாகத்தான் பழுது பார்த்திருந்தார்.

"வேண்டாம்" என்றார் தலைவர்.

முத்திரையை எடுத்தார். மைப் பெட்டியில் இருமுறை அழுத்தினார். சாட்சி என்ற இடத்தில் கோணாமல் கையெழுத்துப் போட்டார். சலூன்காரர் இப்போது ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளிகளுக்கு வழித்துவிடுகிறார். அவர்களும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

தலைவர் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? சான்றிதழின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்துத்தான் கொடுத்தார்: 'ஓராண்டுக்கு மட்டும் செல்லும். பிறகு மறுமுத்திரை அவசியம்.' அதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆஸ்பத்திரிக்கே போய் வரிசையில் நின்று முகம் வழித்துக்கொள்கிறார். பரிசோதனையாம். வழிக்கும்போது தூங்கிவிடுகிறாராம். போன ஐம்பத்தொரு கோப்புகளையும் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றும் ஒரு பேச்சு. கோப்புகள் மூன்றாவது மாடியில் இருக்கின்றன.

அப்பாடா, நாம் இந்த இனமில்லை என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். ஒரு நிமிஷம். இந்தச் சலூன்காரர் நிஜமாகவே அப்படிப்பட்டவர்தானா, இல்லை பட்டாளத்துக்குப் பயந்துகொண்டு சொல்கிறாரா என்று நடுவில் எங்கேயோ உங்களுக்கு ஒரு எண்ணம் ஓடியதே, எந்த இடத்தில்? கத்தி மச்சத்துக்குப் பக்கத்தில் போனபோது, ஒரே ஒரு சின்னக் கீறலாவது விழும் என்று எதிர்பார்த்தவர் யார்? முதலாளி அன்றைக்குப் பார்த்து ஊருக்குப் போனது தற்செயலா என்று கேட்கத்தானே வாயைத் திறந்தீர்கள்?

எங்கே, அந்த உள்ளங்கையைக் கொஞ்சம் விரியுங்கள். எத்தனை கிலோ கல் வைத்திருக்கிறீர்கள், பார்ப்போம்.